மாதிரி வாக்குச்சீட்டு

பாலிநகர் முன்பள்ளிக் கட்டடம்.
குழந்தைகளின் கதிரைகளில்
முழங்கால் நாடியில் முட்ட
இருபத்தாறு பேர்.
பிரதேச சபைத் தேர்தலுக்கு இன்னும் பதினொரு நாள்.
பிஸ்கட் பெட்டியில் நானே வெட்டிய வாய்,
மறைப்புக்குப் பரிமளகாந்தியின் பழைய சேலை,
கையில் திணைக்களத்தின் கைந்நூல்.

கட்சிச் சின்னம் எதுவும் காட்டக்கூடாது.
ஆகையால் சீட்டில் நானே கீறியிருந்தேன்:
காணிப் பத்திரம், குடிதண்ணீர்,
காலை ஆறரை பஸ், யானை வேலி.
யானையும் ஒரு சின்னமாகிவிடுவதால்
வேலியை மட்டும் கீறினேன்.
யானை வேலிக்கு வெளியே,
எல்லாருக்கும் தெரிந்த இடத்தில்.

"நாலும் வேணுமே, ஒண்டுக்குத்தான் போடலாமோ?"
ஒன்றுக்குத்தான் என்றேன்.
"அப்ப உண்மையான தேர்தல்தான்."
சிரித்தார்கள்.

கரும்பலகையில் இரண்டு கோடுகளைக் குறுக்கே இழுத்து
புள்ளடி என்றால் பறவையின் காலடி என்றேன்.
வவுனிக்குளத்தில் வலை போடும் தேவநாதன்
எழுந்து வந்து சோக்கை வாங்கினான்.
"கொக்குக்கு முன்னால மூண்டு விரல், பின்னால ஒண்டு.
ஆவணியில குளம் வத்தட்டும், வந்து பாருங்கோ,
சேறு முழுக்க வாக்கு.
எண்ணத்தான் ஆளில்லை."

இடக்கை முழங்கையோடு முடிந்தவர் கேட்டார்:
"சின்னிவிரலில மை எண்டியள். எனக்கு எங்க?"
கைந்நூலைப் புரட்டினேன்.
பதில் இருந்தது.
அது இருந்ததில் எனக்கு ஏனோ வெட்கமாயிருந்தது.

மாரியாயி எதுவும் கேட்கவில்லை, சொன்னாள்:
"எங்கம்மா ரத்தோட்டையில பிறந்து இஞ்ச வந்து செத்தவ.
சாகிற வரைக்கும் ஒரு லிஸ்டிலயும் பேரில்லை.
நான் அடையாள அட்டைக்கு
ரெண்டு உறை போட்டு வச்சிருக்கிறன்."

ஒவ்வொருவராகச் சேலைக்குப் பின்னால் போய் வந்தார்கள்.
பெட்டியைக் கவிழ்த்து எண்ணினோம்.
வேலிக்குப் பதினொன்று. காணிக்கு ஏழு.
தண்ணீருக்கு நாலு. பஸ்ஸுக்கு மூன்று.
ஒன்றில் புள்ளடி இல்லை.
நாலு கட்டமும் வெறுமையாய்,
அடியில் பென்சிலால் ஒரு பெயர்,
பக்கத்தில் 17.

வாக்காளரைக் காட்டிக்கொடுக்கும் எதையும்
சீட்டில் எழுதக்கூடாது, எழுதினால் செல்லாது.
விதியை வாசித்தேன்.
பெயரை வாசிக்கவில்லை.
யாருடையது என்று கேட்கவும் கூடாது, கேட்கவில்லை.
அந்த அறையில்
அப்படியொரு பெயர் இல்லாதவர்கள்
மூன்று பேர் இருந்திருப்பார்களோ என்னவோ,
எல்லாரும் தங்கள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுவரோரம் ஒரு குரல்.
"செல்லாததை என்ன செய்வியள்? எறிவியளோ?"
இல்லை. தனியாகக் கட்டி உறையிலிட்டு முத்திரை வைப்பார்கள்.
"எண்ணுவினமோ?"
எண்ணுவார்கள்.
"எத்தினை எண்டு எழுதுவினமோ?"
எழுதுவார்கள். ரேடியோவிலும் வாசிப்பார்கள்,
நிராகரிக்கப்பட்டவை இத்தனை என்று.
"ம்."

தேத்தண்ணி வந்தது.
யாரோ வேலியின் வோல்ட் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்,
போன கிழமை உடைந்த தென்னங்கன்றுகள் பற்றி,
கேட்டும் வராத உறுப்பினர் பற்றி.
நான் கரும்பலகையில் கடைசி வரியாக எழுதினேன்:
நிராகரிக்கப்பட்டவை 1.

முதுகுக்குப் பின்னால் அதே குரல்.
"பிள்ளை, இன்னொரு சீட்டுத் தாங்கோ.
எங்கட பக்கமும் யானை வாறது."

ஒருவருக்கு ஒன்றுதான்.
கைந்நூலை மூடி வைத்துவிட்டுக் கொடுத்தேன்.
இந்தமுறை அவள் சேலைக்குப் பின்னால் போகவில்லை.