என்ன

புதுக்கடையில், நீதிமன்றத்துக்கு எதிர்ச் சந்தில்
மர்சூக் சேரின் மொழிபெயர்ப்புக் கந்தோர்.
இரண்டு மேசை.
ஒன்றில் நான், தமிழ்த் தட்டச்சு.
மற்றதில் குசுமலதா, சிங்களம்.
நடுவில் ஒரு மின்விசிறி,
இருவர் கடதாசியையும் ஒரே மாதிரிக் கலைக்கும்.

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகரத்து,
திரும்பி வராத ஒருவருக்கான சத்தியக் கடதாசி
எல்லாம் சேரின் தலைக்குள் ஒரு மொழியாய்ப் போய்
மறு மொழியாய் வெளியே வரும்.
பக்கம் அறுநூறு ரூபாய். முத்திரை புறம்பு.

குசுமலதாவின் போன் பாடுவதை மட்டும்
யாரும் பெயர்ப்பதில்லை.
பதினொரு மணிக்குத் தேத்தண்ணிக் கோப்பையில் சாய்ந்து
அது தொடங்கும்:
ஒரு ஆர்மோனியம், ஒரு பெண் குரல்,
பின்னால் யாரோ தயங்கித் தயங்கித் தட்டும் தபேலா.

எனக்கு வாய்த்த சிங்களம் நூற்றியோராம் நம்பர் பஸ்ஸில் வந்தது.
முன்னுக்குப் போ. மிச்சக்காசு இல்லை. இறங்கு.
அந்தப் பாட்டில் யாரும் என்னை
முன்னுக்குப் போகச் சொல்லவில்லை.
இரண்டாம் சரணத்துக்கு முன் அவள் மூச்செடுப்பது கேட்கும்,
ஓடும் பஸ்ஸில் ஏறக் கால் தூக்குகிறவள் மாதிரி.
அந்த மொழியில் ழகரம் இல்லையாம்.
ஆனாலும் ஓரிடத்தில் அவள் நாக்கு மடிகிறபோது
அது வாசல்வரை வந்து போகும்.

பிடிபட்ட சொல் ஒன்றே ஒன்று.
ஒவ்வொரு சரணமும் அதில்தான் போய் இறங்கும்:
என்ன... என்ன...

அந்தச் சொல்லை எனக்குப் பழக்கம்.
பத்தொன்பது வயது.
வெள்ளவத்தைப் பாலத்தடியில் செக்பொயின்ட்.
டோர்ச்சுக்குப் பின்னால் ஒரு குரல்,
"மெஹெ என்ன."
நான் கேட்டேன், "என்ன?"
"என்ன!"
"என்ன?"
வரிசையில் நின்ற மனிசி முதுகில் தட்டினாள்:
"வரச் சொல்லுறான், பிள்ளை."

போனேன். பையைக் கொட்டினான்.
சாப்பாட்டுப் பெட்டி, குடை, தட்டச்சு வகுப்புக் கொப்பி.
கொப்பியைத்தான் நெடுநேரம் புரட்டினான்.
யளனக யளனக யளனக என்று
பக்கம் பக்கமாய் நான் விரல் பழகியது.
இதற்குப் பொருளே இல்லை என்று சொல்ல
என்னிடம் சிங்களம் இருக்கவில்லை.
விட்டுவிட்டான். மழை தொடங்கியிருந்தது.

இன்றும் காதுக்கு முதலில் வருவது தமிழ்தான்.
எதையோ கேட்கிறாள் என்று நினைத்து
ஒன்றுமில்லை, வீட்டு வாடகை கூடிவிட்டது என்று
மனசுக்குள் பதில் சொல்லத் தொடங்கி,
அரை மாத்திரை பிந்தித்தான் தெரியும்
கூப்பிடுகிறாள் என்று.

போன மாதம் குசுமலதா ஒரு தமிழ்ப் பாட்டுப் போட்டாள்.
கண்ணை மூடிக் கேட்டாள். இமை நனைந்திருந்தது.
என்னைப் பார்த்துக் கையை விரித்தாள்: இதற்கு என்ன கருத்து?

கடன்காரனுக்குப் பயந்து
கோழிக்கூட்டுக்குள் ஒளிந்த ஒருவனின் பாட்டு அது.
மூன்றாம் சரணத்தில் அவனைக் கோழி கொத்தும்.

சேர் ஓர் உறுதிக்குள் தலையைப் புதைத்திருந்தார்.
நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன்,
"ஹொந்த சிந்துவக்." நல்ல பாட்டு.
அவள் தலையை ஆட்டினாள், தனக்கு முன்பே தெரியும் என்பது போல.
திரும்பக் கேட்டேன் நானும். அந்தக் குரலில்
கோழி இல்லாத ஏதோ ஒன்று
இருக்கத்தான் செய்தது.

அதன்பிறகு எனக்கொரு சந்தேகம்.
என் ஆர்மோனியக்காரி யாரைக் கூப்பிடுகிறாள்?
காதலனையா, பிள்ளையையா,
தெருவில் போகும் பாண்காரனையா?
சேரிடம் கேட்டால் நொடியில் சொல்வார்.
ஒருநாள் அவரே வாயைத் திறந்தார், "அதில வந்து..."
"வேணாம் சேர்," என்றேன், "பக்கம் அறுநூறு."
சிரித்துக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார்.

நேற்றுக் கரண்ட் போனது.
இரண்டு திரையும் அணைந்தன, அரை வசனத்தில்.
விசிறி கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றது.
வெளியே வக்கீல்மார் கறுப்புக் கோட்டைத் தலைக்குப் பிடித்து
மழையில் ஓடினார்கள்.
போன் மட்டும் விடாமல் பாடியது,
பற்றரி ஏழு வீதம்.

என்ன, என்றாள்.

கதிரையை இழுத்துக்கொண்டு
குசுமலதாவின் மேசைக்குப் போனேன்.
அவள் கோப்பையை நகர்த்தி இடம் விட்டாள்.