இடப்பக்கக் கீறல்

மல்லாவிச் சந்தி தாண்டி
உரக்கடைக்குப் பின்னால் நின்றது.
நூற்றைம்பது சீசீ. நீலம்.
ராங்கின் மேல்புறம் மட்டும் வெளிறி,
பலமுறை தோய்த்த பள்ளிக்கூட ரை மாதிரி.

"ஆர் ஓடப்போறது, அண்ணையோ?"
விற்கிறவன் நிரோஜன் கேட்டது
எனக்குப் பின்னால் நின்ற மச்சானிடம்.
மச்சானுக்குச் சைக்கிளில் இரண்டு கையும் விடத் தெரியும்.
அவ்வளவுதான்.
குரல் பெரிசு என்று கூட்டிவந்தேன்.

"நான்தான்" என்றேன்.
சொல்லிவிட்டு முழந்தாளில் இருந்தேன்.

ஏழு வருசம் முகமாலையில்
முழந்தாளில் இருந்தே சம்பளம் எடுத்தவள்.
ஒரு நாளைக்கு ஒரு பாய் அகல நிலம்.
கண் முதலில், பிறகு கருவி, பிறகு ஊசி,
கடைசியில்தான் விரல்.
அவசரப்பட்டவர்கள் அன்றைக்கே வீட்டுக்குப் போனார்கள்.
ஆகவே தம்பி, நான் ஆறுதலாய்த்தான் பார்ப்பேன்.

செயினில் புது ஒயில், அதற்குக் கீழே பழைய துரு.
முன்ரயர் நல்லது. பின்ரயர் நடுவில் மொட்டை,
ஏ-ஒன்பதைத் தவிர வேறொரு வளைவு தெரியாத பிள்ளை ஓடியது.
கிளச் பிடி புதுசு.
ஏன் இடப்பக்கம் மட்டும் புதுசு?
கால்மிதியின் நுனி உரஞ்சி வெள்ளை காட்டியது.
அதற்கு நேரே மேலே, நெருப்புப் படம் ஒன்று
கொஞ்சம் கூடுதலாகவே எரிந்துகொண்டிருந்தது.
நகத்தால் மெல்லக் கிளப்பினேன்.
கீழே
ஒரு முழத்துக்குக் கீறல்.

மச்சான் வாய் திறந்தான். கையால் அமத்தினேன்.
கொஞ்ச நேரம் உரமூட்டை இறக்குகிற சத்தம் மட்டும்.

"மாடு" என்றான் நிரோஜன்.
"மாங்குளத்துக்கும் கனகராயன்குளத்துக்கும் இடையிலை. இரவு.
கறுத்த மாடு அக்கா.
லைற்றுக்குள்ளை அதின்ரை கண் மட்டும்தான் நிண்டது."
பிறகு, கேட்காமலே:
"மாட்டுக்கு ஒண்டும் இல்லை."

ருமேனியா சரிவந்துவிட்டதாம்.
இறைச்சித் தொழிற்சாலை.
ஏஜென்சிக்காரனுக்கு இன்னும் ஐந்தரை கட்டவேண்டும்.
லீசிங் முடிந்த கடிதத்தைக் காட்டினான், சரி.
புத்தகத்தில் பெயர் அவனுடையதல்ல,
வவுனியாவில் யாரோ ஒரு ஜெயசீலியுடையது.
"எல்லாரும் இப்பிடித்தான் அக்கா, ஓப்பின் பேப்பர்."
கீறல் கண்ட பிறகு
வசனத்துக்கு வசனம் நான் அக்கா.

ஏறி இருந்தேன்.
பெருவிரல் இரண்டும் நிலம் தொட்டன, குதி தொடவில்லை.
இரண்டு மூட்டை நெல்லின் பாரம்.
விழுந்தால் நானே நிமிர்த்தலாம்.
பெரியது பார்க்கச் சொன்ன எல்லோருக்கும்
இதுதான் நான் சொல்லாத பதில்.

மச்சானை அடகு வைத்துவிட்டு
வவுனிக்குளப் பக்கம் எடுத்தேன்.
முதல் சந்தியிலேயே நின்றுபோனது,
கிளச் பிந்திப் பிடிக்கிறது.
வெற்றிலைக் கடையில் இரண்டு பேர் எழும்பி நின்று பார்த்தார்கள்.
பார்க்கட்டும்.
இரண்டு. மூன்று.
குளக்கட்டில் காற்று சட்டைக்குள் புகுந்து ஊதியது.
ஏழு வருசம் மண்ணில் மடிந்த முழங்கால்கள்
ராங்கை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்தன,
யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.
எத்தனை பாய் அகலம் போனேனென்று
எண்ணத் தொடங்கி
விட்டுவிட்டேன்.

திரும்பும்போது எருமைகள் குறுக்கே.
பிறேக் பிடித்தது. நல்லது, குறித்துக்கொண்டேன்.
கடைசி எருமை என்னை ஒருமுறை பார்த்து,
பாதையின் நடுவிலேயே சாணி போட்டு,
பிறகு போனது.

ஆறு எண்பதில் தொடங்கியவன் ஆறு முப்பதுக்கு வந்தான்.
கீறலுக்கென்று இன்னொரு இருபது குறைத்தான்.
மாட்டுக்கு ஒன்றுமில்லை என்றதற்காக
நான் அதில் ஐந்து கூட்டினேன்.
மச்சான் தலையில் அடித்தான்.

"ஜெயசீலியைக் கூட்டி வா. கையெழுத்து முதல். காசு பிறகு."
அட்வான்ஸ் பத்தாயிரம், துண்டில் எழுதி வாங்கினேன்.
நெருப்புப் படத்தைத் திரும்ப ஒட்டப் பார்த்தான்.
"கிடக்கட்டும் விடு."

வெள்ளிக்கிழமை வரைக்கும் பஸ்தான்.
நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்று வந்தேன்,
முழங்கால்கள் இரண்டும்
இல்லாத எதையோ
இறுக்கியபடி.