நான்கு மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது

பதினோரு மணிக்குத் திறக்கவேண்டிய டெண்டர்
நான்கு மணிக்குத் தள்ளிவைக்கப்பட்டது என்று
தாளை ஒட்டிவிட்டுப் போனார் பியூன்.
பசை வழிந்தது.

பதினான்கு வருடமாக வருகிறேன்,
வருடத்துக்கு மூன்று தடவை.
என் சென்னை
எழும்பூரில் இறங்கினால் ஒரு லாட்ஜ்,
லாட்ஜில் குளித்தால் ஒரு வராந்தா,
வராந்தாவில் ஆணி துருத்திய ஒரு பெஞ்சு.
இரவு திரும்பவும் பொதிகை.
கடல் எந்தப் பக்கம் என்று கேட்டால்
ஆட்டோக்காரரைத்தான் காட்டுவேன்.

முதலாளிக்குப் போன் போட்டேன்.
"சும்மாதானே இருக்கீரு, ஊரைச் சுத்திப் பாரும்.
ஆட்டோச் செலவைக் கம்பெனியில எழுதிராதீரும்."

நடந்தே போனேன், மியூசியத்துக்கு.
வாசலில் பையைத் திறக்கச் சொன்னார்கள்.
பேண்டேஜ் உருளை, பஞ்சு, மடித்த கட்டுத்துணி.
"யாருக்குங்க அடி?"
"இன்னும் யாருக்கும் இல்லை."

உள்ளே போனால் எல்லோருக்கும் அடி.
அமராவதிக் கல்லில் குதிரைக்கு முன்னங்கால் இல்லை.
ஒரு தேவிக்கு மூக்கு.
ஒரு துவாரபாலகருக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றுமே.
மற்றவர்கள் கலை பார்த்தார்கள்,
நான் மீட்டர் கணக்குப் பார்த்தேன்:
முழங்கைக்கு ஆறங்குல உருளை இரண்டு,
மூக்குக்குப் பஞ்சு வைத்து ஒட்டினால் போதும்,
குதிரைக்கு...
டெண்டரில் குதிரை வராது.

திமிங்கல எலும்புக்கூட்டுக்குக் கீழே
நின்றுகொண்டிருந்தான் செந்தட்டிக்காளை.
சத்திரப்பட்டி. எதிர்க் கம்பெனி.
அதே பெட்டியில் என் கவருக்கு மேலேயோ கீழேயோ
அவன் கவரும் கிடந்தது.
"அண்ணாச்சியும் சுத்திப் பாக்கவா?"
"சும்மா, நிழலுக்கு."
அவன் போனில் சார்ஜ் இல்லை,
என் போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான்.
வால் வந்தால் இவன் தலை வரவில்லை,
தலை வந்தால் வால்.
பின்னால் போய்ப் போய்
சுவரில் முதுகு இடித்து, எடுத்தேன் ஒன்று.

பாதிப் பாதி ஆட்டோவில் மெரினா.
பன்னிரண்டரை வெயிலில் அங்கே
மூடிய பஜ்ஜிக் கடைகளும்
நின்றபடி தூங்கும் ஒரு குதிரையும்தான்.
அதற்கு நான்கு காலும் இருந்தது.
மணல், வறுகடலைச் சட்டி.
ஓடினோம், நாற்பது தாண்டிய இரண்டு பேர்,
பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டி
ஷூவைக் கையில் பிடித்து.
முதல் அலை காலைத் தொட்டதும்
ரேட்டும் டெபாசிட்டும் மறந்துபோயிற்று
என்று சொல்ல ஆசைதான்.
"மீட்டர் என்ன போட்டீங்க" என்பதுதான்
இரண்டு பேர் வாயிலும் நின்றது.
கேட்கவில்லை. கடலைப் பார்த்தோம்.
தூரத்தில் கப்பல்கள்,
துறைமுகத்தில் இடம் கிடைக்காமல்
வராந்தாவில் உட்கார்ந்த மாதிரி.

திரும்பும்போது கிளிஞ்சலோ கண்ணாடியோ,
செந்தட்டியின் குதிகாலில் ரத்தம்.
சாம்பிளை அவன் காலையிலேயே ஒப்படைத்திருந்தான்,
உபரி சுமப்பது என் பழக்கம்.
கவிழ்த்துக் கிடந்த படகில் உட்காரவைத்து
என் பேண்டேஜைப் பிரித்துச் சுற்றினேன்.
பதினான்கு வருடத்தில் முதல் தடவை
என் சரக்கை ஒரு காலில் பார்க்கிறேன்.
அவனோ நுனியை இரண்டு விரலால் தேய்த்தான்,
வெயிலுக்கு நேரே பிடித்தான்,
வலிக்கு நடுவே சிரித்தான்:
"இழையைக் குறைச்சிட்டீங்களே அண்ணாச்சி."
அவ்வளவுதான்.
என் கவரைப் பிரிக்காமலே வாசித்துவிட்டான்.

நான்கு மணி, நாலே முக்காலுக்கு வந்தது.
அவனுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.
ஏழு பைசா வித்தியாசத்தில்
ஈரோட்டுக்காரர் ஒருவர். ஆளே வரவில்லை,
கூரியரில் அனுப்பியிருந்தார்.
நொண்டிக்கொண்டே படியிறங்கினான் செந்தட்டி.
பியூன் கேட்டார், "ஏங்க, கால்ல என்ன?"
"சுத்திப் பாத்தோம்."

ராத்திரி விழுப்புரம் தாண்டிச்
சாக்ஸை உதறினால் பெர்த் முழுக்க மணல்.
எஸ் ஒன்பதிலிருந்து எஸ் மூன்றுக்கு
ஒரு போட்டோ வந்தது:
எதிர் சீட்டில் நீட்டிய கால், என் கட்டோடு.
"அவுரல அண்ணாச்சி."

பதிலுக்குத் திமிங்கலத்தை அனுப்பினேன்.
"வால் பாதிதான் விழுந்திருக்கு, கோவிச்சுக்காதீங்க."