மாத்திரை

ஏலம் முடிந்த காசிமேட்டில்
ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே குனிந்து
காக்கை இறகு பொறுக்குகிறேன்.
"இன்னாண்ணே, பில்லி சூனியமா?"
வலை உதறும் பையன் கேட்கிறான்.
"பியானோ மாதிரி ஒண்ணு, அதுக்கு" என்றதும்
இன்னும் இரண்டடி தள்ளி நிற்கிறான்.

ஓரியலுக்கு வால் இறகு ஆகாது.
சிறகின் பெரிய இறகு, தண்டு கனத்தது,
அதிலும் இடப்பக்கத்துச் சிறகு என்பாள்,
ஏனென்று கேட்டால் சொல்ல மாட்டாள்.
பெரம்பூர் பேரக்ஸ் ரோட்டு மாடியில்
பதினான்கு மாதம் இழைத்துக் கட்டிய
ஹார்ப்சிகார்டு அவளுடையது.
உள்ளே சுத்தியல் கிடையாது.
கட்டைக்கு ஓர் இறகுமுள்,
தந்தியைச் சுண்டிவிட்டு விழுந்துவிடும்.
அவ்வளவுதான்.

நான் பியானோக்காரன்.
ராயபுரம் பங்குக் கோயில் கூடத்தில்
உப்புக்காற்று தின்றது போக மிச்சமிருக்கும் பியானோ.
அடியில் ஒரு கட்டை அமுக்கினால் எழாது,
நகத்தால் கிளப்பிவிட்டுக்கொண்டே வாசிப்பேன்.
ஆனாலும் என் கையின் கனம் அதற்குத் தெரியும்.
மெல்ல வைத்தால் மெல்ல,
ஓங்கினால் ஓங்கி.
அந்த ஜெர்மன்காரர் எழுதியதில் ஐந்தாம் பக்கம்,
முதல் வரி இடது கையில் திரும்ப நுழையுமிடம்,
துறைமுக கிரேனில் உட்கார்ந்துவந்த ஆத்திரமெல்லாம் சேர்த்து
அடிப்பேன்.

"கத்துறே மேன்" என்பாள் ஓரியல்.
"உன்னுது தையல் மிஷின்" என்பேன்.
மூன்று வருட ஞாயிறு இப்படியே.

போன மாதம் எத்திராசுவுக்கு
கன்டெய்னர் மூலைப் பூட்டில் இரண்டு விரல் போயிற்று.
கையுறை போடவில்லை என்று எழுதினார்கள்.
கொடுத்தால்தானே போட.
நேரே பெரம்பூர் போனேன்,
கேட்காமலே உட்கார்ந்தேன்.
ஐந்தாம் பக்கம். ஓங்கி அடித்தேன்.
ஹார்ப்சிகார்டு கண்டுகொள்ளவே இல்லை.
அதே குரல், அதே அளவு.
இன்னும் ஓங்கினேன். முள் ஒன்று ஒடிந்தது.

ஓரியல் திட்டவில்லை.
"சத்தத்த கூட்ட முடியாது. காக்க வை" என்றாள்.

எட்டாம் வகுப்பில் பிரம்படியோடு படித்தது.
குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு,
அளபெடுத்தால் மூன்று.
மெய்க்கு அரைதான்.
நம் மொழியே இப்படித்தான் இருக்கிறது,
ஓங்குவதில்லை, நீள்கிறது.

மறுபடி தொடங்கினேன்.
அந்த இடத்துக்கு முன்
விரலை எடுத்துவிட்டு நின்றேன்.
ஒரு கண்ணிமை. இன்னொன்று.
கீழே வியாசர்பாடிப் பக்கம் மின்ரயில் போனது,
தந்திகள் லேசாக நடுங்கின.
எத்திராசு இடது கையால் தேநீர் பிடித்தது ஞாபகம் வந்தது.
பிறகு வைத்தேன்.
சத்தம் ஒரு துளி கூடவில்லை.
ஓரியல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தையல் மிஷின்தான், அதில் மாற்றமில்லை.
ராயபுரத்தில் இன்னும் கத்துகிறேன்,
பியானோவுக்கும் அது பிடிக்கும்.

ஒடிந்த முள்ளுக்கு ஓர் இறகு பாக்கி.
இதோ, ஈரமாக ஒன்று.
இடப்பக்கமா வலப்பக்கமா,
காக்கையைத்தான் கேட்க வேண்டும்.