ஒன்பது சதவீதம்

ப்ளோவ்திவ் நகரத்துக்கு வெளியே
குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவல்.
மணிக்கொரு தரம் எழுந்துபோய்
மைனஸ் பதினெட்டு என்று எழுதிவிட்டு வர வேண்டும்.
உள்ளே நானூறு டன் குடைமிளகாய்.
திருட வருகிறவனுக்கு
விறைத்த கையை ஊதவே விடிந்துவிடும்.

மிச்ச நேரமெல்லாம்
ஆயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாம் ஆண்டு.

வித்கோ என் ஒற்றன்.
பெயர் ஆட்டம் வைத்தது.
விடுதியில் நானூறு பொன் கொடுத்து எடுத்தபோது
அவன் படத்துக்கு அடியில் ஒரு கண்கூட இல்லை.
ஒவ்வொரு தேர்ச்சிக்கும் ஒரு கண். பத்துக் கண்தான் உச்சம்.

எடுத்த எடுப்பில் பெரிய மதிலுக்கு அனுப்பக் கூடாது.
சாலையோரம் கூடாரம் போட்ட கலகக்காரன்,
காவல் இல்லாத சேற்று ஊர்,
கிழட்டு வணிகன் ஒருவன், அவன் கழுதை.
எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று என்று
சதவீதம் பார்த்துப் பார்த்து ஊட்ட வேண்டும்.
முதல் கண் திறந்த இரவு
இரண்டு மணி நேரம் வெப்பநிலை எழுத மறந்தேன்.
பிறகு ஊகித்து எழுதினேன்.
மிளகாய்க்குத் தெரியவா போகிறது.

தோற்றால்
பழைய சேமிப்பைத் திறப்பேன்.
ஸ்கோப்யேயில் தூக்கிலிட்டார்கள். திறந்தேன்.
செரெஸ் மதிலிலிருந்து தள்ளினார்கள். திறந்தேன்.
ஓஹ்ரித் ஏரிக்கரையில் மட்டும் நான்கு முறை.
மொத்தம் பதினேழு சாவு.
ஒன்றுகூட அவனுக்கு நினைவில்லை.
வென்றதெல்லாம் அவன் கணக்கில் ஏற,
வருகைப் பதிவேட்டின் பின்னட்டையில்
பதினேழு கோடுகள், என் பேனாவில்.
அனுபவம் யாருக்கு என்று கேட்டால்
ஆட்டம் அவனைத்தான் காட்டும்.

எனக்கு இரண்டாம் நிலைக் காவலர் அட்டை.
பன்னிரண்டு வருடமாக அதே புகைப்படம், அதே மீசை.
மூன்றாம் நிலைக்கு ஒரு தேர்வு உண்டு.
தீயணைப்பானைத் திறந்து காட்ட வேண்டும்,
முப்பது கேள்விக்கு டிக் போட வேண்டும்.
இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு எழுதலாமே என்று
ஒவ்வொரு வசந்தத்திலும் சொல்லிவிடுகிறேன்.
மேலாளர் ஜெல்யாஸ்கோவ் இப்போதெல்லாம் கேட்பதில்லை.

வித்கோவை வளர்த்ததே தெசலோனிகியின் வாசலுக்காக.
ஐந்து கண்ணில் இருபத்திரண்டு சதவீதம்.
ஏழில் நாற்பத்தொன்று.
ஒன்பதில் அறுபத்தொன்று காட்டியது. போதாது என்றேன்.
மறுபடி சேற்று ஊர், மறுபடி கழுதை.

ஆட்டத்தில் ஒரு நகர்த்தலுக்கு அரை வருடம்.
அதை மட்டும் நான் எண்ணவில்லை.

ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்தொன்று, குளிர்காலம்.
பத்துக் கண்ணும் திறந்து
வாசலுக்கு ஒரு விரற்கடையில் நின்றான்.
முறையை முடித்தேன். சின்னச் சுருள் ஒன்று விரிந்தது:
வித்கோ காலமானார். முதுமை.

திறந்தேன். முதுமை.
முந்தின நாள் சேமிப்பு, வேறு வழி, ஆற்றோரமாக. முதுமை.
மடாலயத்தில் படுக்கவைத்துப் பார்த்தேன்.
அங்கேயும் அதே சுருள், அதே மணியோசை.
கத்திக்குத் தப்பவைத்தேன், கயிற்றுக்குத் தப்பவைத்தேன்.
பதினெட்டாவது கோட்டைப் போட
பேனா எழுதவில்லை. மை உறைந்திருந்தது.

அதே இரவில், அதே விடுதியில்
ஸ்மில்யானா என்றொருத்தி வந்தாள்.
இருபது வயது. கண் இல்லை.
கலகக்காரனும் வேண்டாம் கழுதையும் வேண்டாம் என்று
நேராக வாசலுக்கே அனுப்பினேன்.
ஒன்பது சதவீதம் என்றது.
அழுத்தினேன்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு
அவள் மதிலோரம் நடக்கத் தொடங்கியபோது
வெளியே ஹாரன். பிளெவென் லாரி,
ஒரு மணி நேரம் முன்னதாக.
விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன்.
சேமிக்கவில்லை என்பது
முற்றத்தில் பாதி வழியில்தான் உறைத்தது.

பின்னால், ஜன்னலில் திரையின் வெளிச்சம் நிறம் மாறியது.
என்ன நிறம் என்று பார்க்கவில்லை.

"தூங்கிட்டியா?" என்றான் ஓட்டுநர்.
"இல்ல இல்ல, இதோ."
தாழ்ப்பாள் பனியில் இறுகியிருந்தது.
முதல் உதைக்கு அசையவில்லை.