எடைமேடை, டனுண்டா

மார்ச் மாதம். வடக்குப் பாரா ஆற்றில் தண்ணீர் இல்லை.
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு குட்டை,
அதில் பாதி நிலா.
இந்த ஆற்றைத்தான்
போத்தல் லேபிளில் நீலமாய் வளைத்து விடுகிறார்கள்.

இரவு இரண்டேகால்.
வெயில் ஏறுமுன் பழம் வந்து சேரவேண்டும்.
லொறி மேடையில் ஏறும், முள் நடுங்கும், நிற்கும்.
மொத்தம், வெறும் வண்டி, நிகரம்.
கழித்துக் கழித்துத்தான் பிழைக்கிறேன்.

சீட்டில் இரண்டே கட்டம்: சிவப்பு, வெள்ளை.
நறவு, தேறல், மட்டு, பிழி என்று
கைகொள்ளாமல் பெயர் வைத்திருக்கும் மொழிக்காரன்
ஒரு கட்டத்தில் கோடு கிழித்து
அடுத்த லொறியைக் கூப்பிடுகிறேன்.

விடியும் நேரத்தில் உர்சுலா க்ளெம் வருவாள்.
டிராக்டருக்கு ஒரு விளக்கு எரியாது.
ஒரே தொட்டி ஷிராஸ்,
நூற்று நாற்பது வயதுக் கொடிகள், பதினோரு வரிசை.
"எழுநூற்றுப் பன்னிரண்டு கிலோ" என்றேன்.
"போன வருசத்துக்கு ஒரு கோழி குறைவு" என்றாள்.

எண்பத்தேழில் அரசாங்கம் காசோலை நீட்டியதாம்:
பழங்கொடியைப் பிடுங்கு, ஏக்கருக்கு இவ்வளவு.
அவள் அப்பாவும் கைநீட்டினார்.
மூன்று நாள் இழுத்தார்கள்.
பதினோரு வரிசை இருக்கையில் சங்கிலி அறுந்தது.
"கொள்கையெல்லாம் இல்லை.
புதுச் சங்கிலிக்கு அப்பாவுக்கு மனம் வரவில்லை."
இன்றைக்கு அதில் ஒரு போத்தல்
என் இரண்டு கிழமை வாடகை.

மறுநாள், தவறிப்போன சீட்டைக் கொடுக்க
அவள் தோட்டத்துக்குப் போனேன்.
வாசலில் பலகை: வெளிமண் உள்ளே வரக்கூடாது.
வேர் தின்னும் பூச்சி ஒன்று
எத்தனையோ நாட்டுத் தோட்டங்களைத் தின்றுவிட்டு
இங்கே மட்டும் இன்னும் வந்துசேரவில்லை.
நீலத் தட்டில் மருந்துத் தண்ணீர்.
சப்பாத்தோடு இறங்கி நின்றேன்.
"முழுசாய் ஒரு நிமிசம்" என்று கடிகாரம் பார்த்தாள்.

ஒரு நிமிசம் நீளமானது.
ஈரச் சாக்கில் சுற்றிய குச்சிகளாய்
இந்தக் கொடிகள் கப்பலில் வந்திறங்கியபோது
நில் என்று யாரும் சொல்லவில்லையா?
ஆற்றை வேறு பெயரில் அழைத்தவர்கள்
சொல்லியிருப்பார்கள்.
எழுதிக்கொள்ளக் கட்டம் இருந்திருக்காது.

"போதும், வா."

கொடிகள் என் இடுப்புயரம்,
அடிமரம் கயிறு முறுக்கியதுபோல.
கத்தரிக்குத் தப்பிய கொத்து ஒன்றை
இலைக்குள்ளிருந்து பறித்துத் தந்தாள்.
சின்னப் பழம், தடித்த தோல், புழுதி வாசம்.
இனிப்புக்குப் பின்னால் ஒரு துவர்ப்பு,
பாக்கு மென்றதுபோல்.

வாய்க்குள் நாலைந்து விதை.
எங்கே துப்புவதென்று நான் விழிக்க,
"கீழேதான்" என்றாள்
திரும்பிப் பார்க்காமலே.