பத்தொன்பது துண்டுகள்

பத்து மாதம் கடலில்
பத்தொன்பது பேருக்குச் சமைக்கிறவர்
வீட்டுக்கு வந்தால்
வெந்நீருக்கும் என்னைக் கூப்பிடுவார்.
இந்த லீவில், நாலாம் நாள்,
"ஆப்பிள் பை செய்யணும்" என்றார்.
பை எதுக்கு, கூடை கிடக்குதே என்றேன்.
சிரிக்கவில்லை.
ஒட்டுச்சீட்டு போட்ட ஆப்பிள் இரண்டு கிலோ,
டப்பாவில் சீஸ்.
அந்தச் சீசுக்காக மார்த்தாண்டம் வரை போய் வந்த காசில்
நெய்மீன் துண்டு ரெண்டு வாங்கியிருக்கலாம்.

"நீ தொலி சீவு."
அண்டி ஆபீசில் பதினோரு வருஷம்
பருப்புக்குத் தொலி எடுக்கிற விரல்,
இதற்கு ஆப்பிள் எம்மாத்திரம்.
அறாமல் ஒரே நாடாவாக இறங்கியது.
அவர் பார்த்துக்கொண்டே நின்றார்.
கல்யாணத்துக்குப் பிறகு
என் கையை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

குளச்சலில் மே மாதம்.
மாவுக்குள் வெண்ணெய் நிற்குமா?
"தணுப்பு வேணும், இல்லேண்ணா களியாகிப் போவும்"
பிசைந்த கையோடு தெருவில் இறங்கினார்.
மெற்றில்டாவின் மீன்பெட்டியில்
சாளைக்கும் அயிலைக்கும் நடுவே
மூன்று பாலித்தீன் உறைக்குள்
அரைமணி நேரம் கிடந்தது மாவு.
"கிளீட்டஸ் அண்ணே,
எதுக்கு எம்பெட்டிக்குள்ள சவத்தை அடக்குதீரு?"
கேட்டுக்கொண்டே
இன்னும் ஒரு கை ஐஸ் அள்ளிப் போட்டாள்.

பீர்முகம்மது அண்ணன் பேக்கரியில்
கடைசி ரஸ்க் தட்டு இறங்கி
எங்கள் தட்டு ஏறியது.
இவர் டிகிரிக் கணக்கு சொன்னார்.
அண்ணன் அடுப்புக்குள் கையை நீட்டி எடுத்து
"அது கெடக்கட்டும், இப்ப வைக்கலாம்" என்றார்.

காத்திருந்த பெஞ்சில் வைத்துத்தான்
ஹோபர்ட் என்ற பெயரை முதலில் கேட்டேன்.
பனி பெய்கிற ஊர்க்காரன். இன்ஜின் ரூம்.
எதை வைத்தாலும் குறை சொல்லுகிறவன்.
ஞாயிறுதோறும் கேட்பானாம்,
ஆப்பிள் பை உண்டா, மேலே சீஸ் உண்டா.
நாளைக்கு, நாளைக்கு என்று
ஒன்பது மாதம் சொல்லியிருக்கிறார் இவர்.
பிறகு ஏதோ ஒரு துறைமுகத்தில்
ஸ்ட்ரெச்சரில் இறக்கினார்களாம்.
"அப்புறம்?"
"மணம் வந்துட்டு," என்று எழுந்து போனார்.

சீஸ் குமிழிட்டு, ஒரு ஓரம் கருகி
தட்டு வெளியே வந்தது.
மகன் மூக்கைப் பொத்தினான்.
"இனிப்புக்கு மேல உப்பா?"
கொல்லாம்பழத்தை உப்பில் தொட்டுத் தின்கிறவன்
கேட்கிற கேள்வி!
நான் ஒரு வாய் வைத்தேன்.
முதலில் உப்புதான் வந்தது.
ஆப்பிள் பிந்தி வந்தது,
கடைசி பஸ்சில் இறங்குகிறவர் மாதிரி மெதுவாக,
கறுவாப்பட்டை வாசனையோடு.
எங்கோ துளி மீன்வாடையும்.
அது உன் நினைப்புதான் என்றார்.

வீட்டில் மூன்று பேர் நாங்கள்.
கத்தியை எடுத்தவர்
நிறுத்தாமல் வெட்டிக்கொண்டே போனார்.
எண்ணினேன்.
விரல் கனம்கூட இல்லாத பத்தொன்பது துண்டுகள்.
கத்தி நின்ற பிறகுதான்
தன் கையையே பார்த்தார்.

தெருவுக்குக் கொடுத்தோம்.
மெற்றில்டா வீட்டுத் தட்டு
அவித்த மரச்சீனியும் காந்தாரி மிளகுச் சம்மந்தியுமாக
ராத்திரியே திரும்பி வந்தது.
ஒரு துண்டை மட்டும் அவர்
அலமாரியில் மூடி வைத்திருந்தார்.
யாருக்கென்று நான் கேட்கவில்லை.
விடியுமுன் எறும்பு வந்துவிட்டது.
துடைத்து, அகலப் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி,
நடுவில் தூக்கி வைத்தேன் தட்டை.